இசையாய்வும் இல்லறமும்: தஞ்சைப் பண்டிதர் வீட்டுப் பெண்கள்

நூற்றாண்டு மலருக்காக எம்மிடம் கேட்கப்பட்டது, நாற்பது வயதைத் தாண்டிய பெண்களின் ஆரோக்கியம் பற்றிய கட்டுரை. வைத்தியர்களாகிவிட்ட பழைய மாணவிகளிடம் மலர்க் குழுவினர் வேறெதையும் கேட்பதில்லை. எமக்கு இரண்டு வகுப்பு மூத்த அக்கா ஒருவர் அதை எம்மைவிட நன்றாக எழுதுவார் என்று சொல்லித் தப்பிக்கொண்டோம். நாம் எழுத விரும்பியது நூறு வருடங்களுக்கு முற்பட்ட ஒரு வைத்தியர் வீட்டைப் பற்றி. உண்மையில் இது எமது சங்கீத ரீச்சர் எழுதியிருக்க வேண்டிய கட்டுரை.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் எம்மோடு படித்தவர்களுக்கு ரீச்சரை மறந்திருக்காது. விடிய நாலு மணிக்குச் சமையல், ஏழரைக்குப் பாடசாலை, பின்னேரம் வீட்டில் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு எங்களை ஆயத்தப்படுத்தும் வகுப்பு, திருவிழாக் காலத்தில் கோயிற் கச்சேரி. மூன்று பிள்ளைகள். இத்தனைக்கும் நடுவில் அவரிடம் மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. மாமியாரிடமும் அயலில் உள்ள வயதான அம்மாமாரிடமும் கேட்ட ஊஞ்சற் பாட்டுகள், அருவி வெட்டுப் பாட்டுகள், கூத்து மெட்டுகள் எல்லாவற்றையும் சுரப்படுத்தி, எந்த இராகத்தின் சாயல், எந்த இடத்தில் அந்த இராகத்தை விட்டு விலகுகிறது என்று பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். அதைப் பல்கலைக்கழக ஆய்வாகச் செய்து முடிக்க வேண்டுமென்பது அவருடைய ஆசை. “எனக்கெண்டு ஒரு மேசை இருந்தால் இதை எப்பவோ முடிச்சிருப்பன், பிள்ளையள்” என்பார். கொப்பியை அவர் எழுதியது குசினித் தட்டின் மேல் வைத்துத்தான்.

ஆபிரகாம் பண்டிதர் என்ற பெயரை நாம் முதன்முதல் கேட்டது அவர் வாயால். “பகல் முழுக்க வருத்தக்காரரைப் பாத்துக்கொண்டு, ஆயிரம் பக்கத்துக்கு மேல சங்கீத ஆராய்ச்சி எழுதின மனுசன்.” உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுத்ததும் சங்கீதத்தை விடத் தயாராகிக்கொண்டிருந்த எங்களுக்கு, அது ஒரு குத்தல் என்பது அப்போதே விளங்கியது.

விட்டுத்தான் விட்டோம். எமது வகுப்பில் சங்கீதம் படித்த பதினொரு பேரில் இன்றைக்கு ஒருத்தியும் மேடையில் இல்லை. யாரும் எங்களைத் தடுக்கவில்லை. பரீட்சை முடியட்டும், கம்பஸ் முடியட்டும், கலியாணம் முடியட்டும், பிள்ளை கொஞ்சம் வளரட்டும் என்று நாமே தள்ளிப் போட்டோம். மருத்துவபீடத்தில் ஒரு கலைவிழாவுக்கு வயலினோடு போனபோது, “நீர் டொக்டராக வந்தனீரோ, பாட்டுக்காரியாக வந்தனீரோ?” என்று பெரியவர் ஒருவர் கேட்டார். அவரைக் குறை சொல்லி இப்போது பயனில்லை. அடுத்த விழாவுக்கு வயலினைக் கொண்டுபோகாமல் விட்டது நாம்தான்.

பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ எமது கைக்கு வந்தது மிகவும் பிந்தித்தான். இரவுக் கடமைக்கும் பிள்ளைகளின் ரியூஷனுக்கும் இடையில் மாதக்கணக்காக வாசித்தோம். ஒரு வைத்தியர் தமது தொழிலையும் ஆராய்ச்சியையும் குடும்பத்தையும் எப்படிச் சமாளித்தார் என்பதுதான் எமது ஆரம்பக் கேள்வி. நூலோடு அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் சேர்த்துப் படித்தபோது கேள்வி மாறிவிட்டது. அந்த வீட்டில் யார் யார் சமாளித்தார்கள் என்று தேடத் தொடங்கினோம்.

பண்டிதர் பிறந்தது 1859 ஆகஸ்ட் 2 ஆம் திகதி, தென்காசிக்கு அண்மையில் உள்ள சாம்பவர் வடகரையில். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அங்கேதான் சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் வயலினும் கற்றார். சுருளி மலையில் கருணானந்தர் என்ற பெரியவரைக் குருவாகக் கொண்டு சித்த மருத்துவம் பயின்றார். பிற்காலத்தில் அவருடைய மருந்துகளுக்கும் தோட்டத்துக்கும் நூலுக்கும் அந்தக் குருவின் பெயரே அடியாயிற்று.

1882 இல் அவர் மணந்த ஞானவடிவு பொன்னம்மாள் ஓர் ஆசிரியை. இருவரும் தஞ்சாவூருக்கு வந்து லேடி நேப்பியர் பெண்கள் பாடசாலையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பொன்னம்மாள் தலைமையாசிரியை, கணவர் அவருக்குக் கீழே தமிழாசிரியர்! பெண்கள் பாடசாலையொன்றில் படித்த நாம் இந்த இடத்தில் சற்று நின்று சிரித்துக்கொண்டோம். 1890 இல் பண்டிதர் ஆசிரிய வேலையை விட்டு முழுநேர வைத்தியரானார். நிரந்தரச் சம்பளத்தை விட்டுவிட்டு மருந்து அரைக்கப் போகும் ஒருவரின் வீட்டில் அந்த முடிவை யார் யார் தாங்கியிருப்பார்கள் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைகள் பலர் பிறந்து வளர்ந்ததும் அந்த வருடங்களில்தான்.

வைத்தியம் கைகொடுத்தது. கோரோசனை மாத்திரை பேர்பெற்றது. தஞ்சைக்கு வெளியே ஏறக்குறைய நூறு ஏக்கர் நிலம் வாங்கிக் கருணானந்தபுரம் என்று பெயரிட்டார். ஊர் மக்களுக்கு அது பண்டிதர் தோட்டம். கரும்பும் மூலிகையும் பயிரிட்டார், இயந்திரம் வைத்து நீர் இறைத்தார், புகைப்படக் கலையிலும் தேர்ந்தார். 1909 இல் அரசாங்கம் ‘ராவ் சாகிப்’ பட்டம் கொடுத்தது. அக்காலத்துச் சென்னை மாகாண ஆளுநரின் பெயரால் லாலி எலெக்ட்ரிக் பிரஸ் என்று ஓர் அச்சகமும் நிறுவினார். ரீச்சரின் மேசையை நினைக்கும் எங்களுக்கு இது முக்கியமாகப் படுகிறது. பண்டிதரின் ஆராய்ச்சிக்கு மேசை மட்டுமல்ல, அச்சகமே சொந்தமாக இருந்தது. “மனம் இருந்தால் நேரம் கிடைக்கும்” என்று பரிசளிப்பு விழாக்களில் சொல்வோர் இந்த நூறு ஏக்கரையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

இசையும் அந்த வீட்டுக்குள் பிள்ளைகள் வழியாகத்தான் வளர்ந்தது. 1907 இல் அவர் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ இசை பயில்வோருக்கான தமிழ்ப் பாடல்களின் தொகுப்பு. தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் உள்ள உருப்படிகளைப் பொருள் விளங்காமல் மனனம் செய்வதைவிட, விளங்கும் மொழியில் பிள்ளைகள் தொடங்கட்டும் என்ற நோக்கம் அதில் தெரிகிறது. கர்நாடக இசையோடு மேலைத்தேய இசையையும் அவர் கற்றிருந்தார்.

அவரை அலைக்கழித்த கேள்வி ஒன்றுதான். ஒரு ஸ்தாயியில் எத்தனை சுருதிகள்? 13 ஆம் நூற்றாண்டில் சாரங்கதேவர் எழுதிய ‘சங்கீத ரத்நாகரம்’ 22 என்கிறது. அறிஞர் பலரும் அதையே வழிமொழிந்தார்கள். ஆனால் அந்த 22 ஐ எப்படிப் பகிர்வது என்பதில் ஒருவர் கணக்கு மற்றவர் கணக்கோடு ஒத்துவரவில்லை. பண்டிதர் சிலப்பதிகாரத்துக்கும் அதன் உரைகளுக்கும் போனார். பன்னிரண்டு இராசி வீடுகளை வட்டமாக வைத்து இசை நிலைகளைக் கணக்கிடும் பழைய முறையில் நான்கு பாலைகளைக் கண்டார். ஆயப்பாலையில் ஸ்தாயி 12 சமபங்கு, வட்டப்பாலையில் 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96. வட்டப்பாலையின் 24 இல் இரண்டைக் குறைத்துப் பாடும் வழக்கிலிருந்துதான் 22 என்ற எண் வந்தது, அதைப் பின்வந்தோர் மொத்தக் கணக்கென்று பிழையாக விளங்கிக்கொண்டார்கள் என்பது அவருடைய முடிவு. சரியா பிழையா என்பதில் இன்றும் வாதம் உண்டு. எமது அபிப்பிராயம் கேட்டால், கணக்கின் ஒழுங்கு எம்மை மயக்குகிறது. சிலப்பதிகார உரைகள் அத்தனை ஒழுங்கானவையா என்பதில் கொஞ்சம் சந்தேகமும் உண்டு.

1911 இல் பொன்னம்மாள் காலமானார். பண்டிதர் பின்னர் மறுமணம் செய்தார். அடுத்த வருடம், 1912 மே 27 ஆம் திகதி, தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். 1916 வரை அதன் மகாநாடுகள் ஏழு நடந்தன. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் போன்ற பெரிய வித்துவான்கள் வந்தார்கள். செலவு பண்டிதருடையது. வெளியூர் வித்துவான்கள் நாட்கணக்காக வந்து தங்கும்போது ஒரு வீட்டின் அடுப்பு என்ன பாடுபடும் என்று ஒரு கலியாண வீடு நடத்திய எவருக்கும் தெரியும். மகாநாட்டு அறிக்கைகளில் அடுப்பைப் பற்றி எழுதுவதில்லை.

இனி, நாம் இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணமான பரோடாவுக்கு வருகிறோம்.

1916 மார்ச் மாதம், பரோடா சமஸ்தானத்தில் மகாராஜா சயாஜிராவ் கெய்க்வாட்டின் ஆதரவில் முதலாவது அகில இந்திய சங்கீத மகாநாடு கூடியது. வட இந்திய இசையை இலக்கணப்படுத்திய விஷ்ணு நாராயண் பாத்கண்டே அதை முன்னின்று நடத்தினார். 22 சுருதிக் கட்சிக்காரர்களும் வந்திருந்தார்கள். ஆங்கிலேய நீதிபதியாக இருந்த கிளெமென்ட்ஸ் என்பவர் அந்தக் கணக்கின்படி செய்வித்த ஆர்மோனியத்தோடு வந்திருந்தார். தஞ்சையிலிருந்து போன பண்டிதர் தமது கொள்கையைக் காட்டத் தம் மகள்மார் இருவரை அழைத்துச் சென்றிருந்தார். மரகதவல்லியும் கனகவல்லியும் அந்தச் சபையில் வீணையோடு இருந்து, தந்தை சொன்ன சுருதிகளை இராகங்களில் இசைத்துக் காட்டினார்கள்.

இதன் கனத்தை உணர அந்தக் காலத்தை நினைக்க வேண்டும். இசையைப் பரம்பரைத் தொழிலாகக் கொள்ளாத குடும்பத்துப் பெண்கள் சபையேறுவது அப்போது வழக்கமில்லை. டி. கே. பட்டம்மாள் சென்னையில் கச்சேரி செய்யத் தொடங்கி, அதுவே பெரும் பேச்சானது 1930 களில். அதற்குப் பதினைந்து வருடங்களுக்கும் முன்னர் இரு பெண்கள் தஞ்சையிலிருந்து பரோடா வரை ரயிலில் போய், மொழி தெரியாத சபையில், உஸ்தாத்மாரும் பண்டிதர்களும் நீதிபதியும் பார்த்திருக்க வாசித்திருக்கிறார்கள். வாசித்ததும் கச்சேரியல்ல. கச்சேரியில் ஒரு சுரம் கொஞ்சம் விலகினால் கமகம் என்று தப்பலாம். ஒரு கொள்கைக்குச் சான்றாக வாசிக்கும்போது, விரல் விலகினால் தந்தையின் பல வருட ஆராய்ச்சி விலகிவிடும். அந்த விரல்களைப் பழக்குவதற்கு எத்தனை காலை, எத்தனை மாலை வேண்டியிருந்திருக்கும்! வயலின் பிடித்த எங்களுக்கு அதைக் கற்பனை செய்வது கஷ்டமல்ல.

ஆராய்ச்சி ஒருவருடையது, ஆற்றுகை மற்றவருடையது என்று பிரித்துப் பேசுவது எமது காலத்து வழக்கம். பண்டிதர் வீட்டில் அப்படிப் பிரிக்க முடியாது. கணக்கைத் தந்தை போட்டார். அது காதுக்குச் சரியா என்று பார்க்க வீணை வேண்டும். வீணை மகள்மாரின் மடியில் இருந்தது. வீட்டு வேலைக்கும் ஆராய்ச்சிக்கும் இடையில் சமநிலை காண்பது என்று இன்று நாம் புலம்புகிறோம். அங்கே வீடே ஆய்வுகூடமாக இருந்தது. இதை நாம் முழுக்கப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. தந்தையின் கேள்விக்கு விடை தேடிய அந்தப் பெண்களுக்குத் தமக்கென்று ஒரு கேள்வி இருந்ததா என்று நாம் தேடிப் பார்த்த எதிலும் காணவில்லை.

‘கருணாமிர்த சாகரம்’ முதற் புத்தகம் 1917 இல் அவருடைய சொந்த அச்சகத்தில் அச்சாகி வெளிவந்தது. ஆயிரத்துக்கும் அதிகமான பெரிய பக்கங்கள். தூக்கி வைத்து வாசிக்க முடியாது, மேசை வேண்டும். இரண்டு வருடங்களின் பின், 1919 ஆகஸ்ட் 31 ஆம் திகதி, அறுபது வயதில் பண்டிதர் மறைந்தார். இராகங்களை ஆராயும் இரண்டாம் புத்தகம் அச்சேறாமல் நின்றது.

அது வெளிவந்தது 1946 இல். வெளியிட்டவர் மரகதவல்லி துரைப்பாண்டியன், பரோடாவில் வீணையோடு இருந்த அதே மரகதவல்லி.

இடையில் இருபத்தேழு வருடங்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையில் அது எந்த இருபத்தேழு வருடங்கள் என்று பாருங்கள். இல்லறம் நடத்தி, பிள்ளைகள் வளர்ந்து, இரண்டாம் உலகப் போர் வந்து கடதாசிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு அதுவும் ஓய்ந்த காலம். இவ்வளவுக்கும் ஊடாகத் தந்தையின் எழுத்துகள் கறையானுக்கும் மழைக்கும் பழைய பேப்பர்க்காரனுக்கும் போகாமல் காக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் வீடுகளில் பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைத் தேடும்போது நடக்கும் அமளியை நினைத்தால் இதன் பெறுமதி விளங்கும். இசை வரலாற்றை எழுதுவோர் முதற் புத்தகத்துக்குப் பல பக்கங்களும் இரண்டாம் புத்தகத்துக்கு ஒரு வரியும் ஒதுக்குவது வழக்கம். எமக்கென்னவோ அந்த ஒரு வரியில்தான் கண் நிற்கிறது.

எமது நாட்டுக்கும் இந்தக் கதையில் தொடர்பு உண்டு. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய ‘யாழ் நூல்’, அடுத்த வருடமே, 1947 இல், அதே தஞ்சையின் கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாகத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அரங்கேற்றம் நடந்து இரு மாதங்களுக்குள் சுவாமிகள் மறைந்தார். அவர் 22 அலகு என்ற கணக்கைக் கொண்டவர். பண்டைய யாழ் வேறு, வீணை வேறு, யாழ் வழக்கொழிந்துவிட்டது என்றும் கருதியவர். 1950 இல் பண்டிதரின் மகன் வரகுண பாண்டியன் ‘பாணர் கைவழி’ என்ற நூலை எழுதி, யாழ் அழியவில்லை, வீணையே அதன் தொடர்ச்சி என்று வாதிட்டார். மகள் தந்தையின் நூலைக் காத்து வெளியிட்டார், மகன் தந்தையின் கட்சிக்காக வாதாடினார். எந்தக் கட்சி வென்றது என்று எம்மைக் கேட்க வேண்டாம். எமது வகுப்பில் மட்டக்களப்புப் பிள்ளைகள் இருவர் இருந்தார்கள், சுவாமிகளுக்கு எதிராக ஒரு சொல் சொல்ல விடமாட்டார்கள்.

சுவாமிகள் துறவி. அவருடைய ஆராய்ச்சிக்கும் உழைப்புக்கும் எமது வணக்கம் என்றும் உண்டு. ஆனாலும் எமது பாடசாலையில் இசையாய்வாளர் என்றதும் சுவர்ப்படத்தில் தெரிந்தது காவி உடுத்த அந்த உருவம் ஒன்றுதான். ஆய்வென்றால் வீட்டை விட வேண்டும் போலும் என்று பதினைந்து வயதில் நாம் நினைத்திருந்தால் அது எமது பிழை மட்டுமல்ல. குசினித் தட்டில் கொப்பி எழுதிக்கொண்டிருந்த ரீச்சரும் இசையாய்வாளர்தான் என்று எமக்குத் தோன்றவேயில்லை.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு எல்லோரும் நடந்தபோது ரீச்சர் குடும்பமும் நடந்தது. கொப்பியைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, கிழமைக் கணக்கில் திரும்பிவிடலாம் என்று விட்டுவந்ததாகப் பிறகு சொன்னார். அடுத்த வருடம் திரும்பியபோது வீட்டுக்குக் கூரையில்லை, பெட்டியும் இல்லை. அதன் பின்னும் அவர் பல வருடம் படிப்பித்தார், பாடினார். ஆராய்ச்சி பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. நாமும் கேட்கவில்லை. அவர் காலமான செய்தி எமக்கு வந்தது ஒரு சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே, தொலைபேசியில்.

மரகதவல்லியின் கதையை எமது வகுப்புத் தோழியரின் வட்ஸ்அப் குழுவில் போட்டபோது, ரொறன்ரோவில் இருக்கும் ஒருத்தி ஒரு படம் அனுப்பினாள். மஞ்சளித்த ஒரு கொப்பித் தாள். 1994 பரிசளிப்பு விழாவுக்காக ரீச்சர் எங்களுக்குப் பழக்கிய ஊஞ்சற் பாட்டு, சுரத்தோடு, அவள் கையெழுத்தில். மூலையில் ரீச்சரே பென்சிலால் திருத்திய ஒரு நிஷாதம். அப்போதுதான் நினைவு வந்தது: ரீச்சர் ஒவ்வொரு வருடமும் தம் கொப்பியிலிருந்து இரண்டு மூன்று பாட்டைக் கரும்பலகையில் எழுதுவார், நாம் பார்த்து எழுதுவோம். எமக்கு முன்னும் பின்னும் பத்துப் பன்னிரண்டு வகுப்பினர் அப்படி எழுதியிருக்க வேண்டும்.

இதுவரை பதினான்கு பாட்டுகள் சேர்ந்துள்ளன. ரொறன்ரோவிலிருந்து மூன்று, லண்டனிலிருந்து ஐந்து, சிட்னியிலிருந்து ஒன்று, மிகுதி ஊரில் இருப்பவர்களிடமிருந்து. இரண்டு பாட்டுகளுக்குச் சுரம் உண்டு, சொற்கள் பாதியில் நிற்கின்றன. அருவி வெட்டுப் பாட்டு ஒன்று இரண்டு வகுப்பினரிடமிருந்து இரண்டு விதமாக வந்திருக்கிறது. ரீச்சர் இடையில் திருத்தினாரா, நாம் பிழையாக எழுதினோமா என்று பார்க்க இன்னொரு பிரதி வேண்டும். ரீச்சரின் மகளும் எங்களோடு சேர்ந்திருக்கிறார். ரீச்சருக்குத் தம் பெயர் அச்சில் வருவது பிடிக்காது என்று அவர் சொன்னதால் இங்கே பெயரைப் போடவில்லை. பாட்டுகள் நூலாகும்போது போட விடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே 1980 க்கும் 2000 க்கும் இடையில் சங்கீத வகுப்பில் இருந்தோர் தத்தம் பெட்டிகளையும் அம்மாமார் கட்டி வைத்த பழைய கொப்பிகளையும் ஒருமுறை திறந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். கிழிந்த தாளானாலும் பரவாயில்லை. படம் எடுத்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்பினால் போதும்; எந்த வருடம், எந்த வகுப்பு என்பதையும் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள்.